ஒரு பாய்ச்சல் தூரத் தங்கம்: நிக் ஸ்கெல்டனும் அவர் காத்திருந்த குதிரைகளும்

2016 ஆகஸ்ட் 19 அன்று, ரியோ டி ஜெனீரோவின் டியோடோரோ திடலில் நடந்த ஒலிம்பிக் குதிரையேற்றத் தடைதாண்டலின் தனிநபர் இறுதிப் போட்டியில் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் நிக் ஸ்கெல்டனுக்கு அப்போது வயது 58. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே கழுத்தெலும்பு முறிந்து, இனிக் குதிரை ஏறக் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்து, ஓய்வும் அறிவித்துவிட்டவர் அவர். 2011இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவர். 1908க்குப் பிறகு இத்தனை வயதில் பிரிட்டனுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்றவர் வேறு எவரும் இல்லை. செய்தித்தாள்கள் இந்த வெற்றியை மன உறுதியின் கதையாக எழுதின, அதில் வியப்பில்லை. ஆனால் மன உறுதியை மட்டும் காரணமாகக் காட்டினால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஓட்டப் பந்தயத்திலோ மல்யுத்தத்திலோ எவ்வளவு உறுதி உள்ளவரும் 58 வயதில் உலகின் தலைசிறந்தவர்களோடு ஒரே களத்தில் நிற்க முடியாதபோது, இந்த ஒரு விளையாட்டில் மட்டும் அது எப்படி இயல்கிறது? கனடாவின் இயன் மில்லர் 1972 முதல் 2012 வரை பத்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்று, தம் முதல் பதக்கத்தை 2008இல் 61 வயதில் வாங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்கெல்டனை ஒரு தனி அதிசயமாக ஒதுக்கிவிட முடியாது என்பது புரியும்.

இதற்கான விடை விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. குதிரைத் தடைதாண்டலில் போட்டியிடுவது ஒருவர் அல்லர், இருவர். அந்த இருவரின் ஆயுளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மனிதரின் திறமை முப்பது நாற்பது ஆண்டுகள் முதிர்ந்துகொண்டே போகலாம். குதிரையோ ஒன்பது அல்லது பத்து வயதில்தான் பெரிய போட்டிகளுக்குத் தேறுகிறது. பதினைந்து பதினாறு வயதுக்குள் அதன் கால்கள் தளரத் தொடங்கிவிடுகின்றன. ஆக, மிக உயர்ந்த மட்டத்தில் ஒரு குதிரைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள். அதற்குள் ஒலிம்பிக் ஒரு முறை வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு முறை. ஒரு வீரரின் வாழ்க்கை என்பது இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும் குறுகிய வாய்ப்புகளின் தொடர். அந்த வாய்ப்புகளுக்கு இடையே எப்படிக் காத்திருந்தார், வந்த குதிரையை எவ்வளவு செலவழித்தார், எவ்வளவு சேமித்தார் என்பதில்தான் அவருடைய தரம் தெரிகிறது. ஸ்கெல்டனின் நாற்பதாண்டுக் காலத்தை இந்தக் கண்ணோடு படிப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அதற்குமுன், திடலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிட வேண்டும். ஒலிம்பிக் மட்டத்தில் தடைகள் ஏறத்தாழ 1.60 மீட்டர் உயரம் வரை வைக்கப்படுகின்றன. சில தடைகள் செங்குத்தானவை. சில, ஆக்ஸர் எனப்படும் அகலத் தடைகள், அதாவது முன்னும் பின்னுமாக இரண்டு கழிகளை வைத்து உயரத்தோடு நீளத்தையும் தாண்டச் சொல்பவை. இவற்றோடு நான்கு மீட்டரளவு நீர்த்தடை ஒன்றும் இருப்பதுண்டு. கழிகள் கட்டப்படுவதில்லை, ஆழமற்ற சிறு கிண்ணங்களின் மீது வெறுமனே கிடத்தப்படுகின்றன. குளம்பு சற்று அழுத்தி உரசினாலே கழி உருண்டு விழும். விழுந்தால் நான்கு தண்டப் புள்ளிகள். குதிரை தடைமுன் நின்றுவிட்டாலும் நான்கு. மறுமுறையும் நின்றால் வெளியேற்றம். குறித்த நேரத்தைத் தாண்டினால் அதற்கும் சிறு தண்டம் உண்டு. எல்லாவற்றையும் பிழையின்றி முடித்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், தடைகளைக் குறைத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, ஜம்ப் ஆஃப் எனப்படும் தீர்வுச் சுற்று நடக்கும். அதில் முதலில் தண்டப் புள்ளிகளும் பிறகு நேரமும் பார்க்கப்படும்.

போட்டி தொடங்குவதற்கு முன் வீரர்கள் குதிரையின்றித் திடலுக்குள் நடந்து பார்க்க அனுமதிக்கப்படுகிறார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு அது வேடிக்கையாக இருக்கும்: பூட்ஸ் அணிந்த பெரியவர்கள் ஒரு தடையின் காலடியில் முதுகைத் திருப்பி நின்று, உதட்டுக்குள் எண்ணியபடி, அளந்தளந்து அடியெடுத்து அடுத்த தடையை நோக்கி நடப்பார்கள். எண்ணுவது இதைத்தான்: குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஏறத்தாழ 3.6 மீட்டர் கடக்கிறது. அது மனிதரின் நான்கு நீண்ட அடிகளுக்குச் சமம். தடையைத் தாண்டித் தரையிறங்க இரண்டு அடி, அடுத்த தடைக்கு முன் எழும்ப இரண்டு அடி என்று கழித்துவிட்டு, மிச்சத்தை நான்கால் வகுத்தால், இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை பாய்ச்சல் என்பது கிடைக்கும். திடலை வடிவமைப்பவர் எல்லா இடத்திலும் முழுப் பாய்ச்சல்களில் கணக்கு வைக்க மாட்டார். சில இடங்களில் ஐந்தரை பாய்ச்சலில் நிறுத்துவார். நீளமாக ஓடி ஐந்தில் முடிப்பதா, சுருக்கிப் பிடித்து ஆறில் முடிப்பதா என்பது ஒவ்வொரு குதிரைக்கும் வேறு விடை உள்ள கேள்வி. முந்தைய தடையில் குதிரை சற்று உயர்ந்து தாண்டி, எதிர்பார்த்ததைவிட அரை மீட்டர் முன்னதாக இறங்கிவிட்டால், நடந்து பார்த்த கணக்கு அந்த நொடியிலேயே செல்லாததாகிவிடும். புதிய கணக்கை, பாயும் குதிரையின் முதுகில் இருந்தபடி, ஒரு பாய்ச்சலுக்குள் போட்டாக வேண்டும்.

குதிரையால் தன் மூக்கிற்கு நேர் எதிரே, மிக அருகில் இருப்பதைப் பார்க்க முடியாது. அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் அங்கே ஒரு குருட்டுப் பகுதி உண்டு. எழும்பும் கணத்தில் அது தடையைக் கண்ணால் பார்த்துத் தாண்டுவதில்லை, சற்றுமுன் பார்த்த நினைவில் தாண்டுகிறது. ஆகையால், தடை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே, மூன்று நான்கு பாய்ச்சலுக்கு முன்பாக, எழும்ப வேண்டிய புள்ளியை வீரர் கண்டுபிடித்து, குதிரையை அந்த இடத்துக்குச் சீராகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குதிரைக்காரர்கள் இதைக் ‘கண்’ என்கிறார்கள். கண் உள்ளவர், கண் இல்லாதவர் என்று சுருக்கமாகத் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். தசை வலிமையைப் போல இந்தக் கண் முப்பது வயதில் உச்சமடைந்து இறங்கிவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான தடைகளைக் கடந்த பிறகே அது தேறுகிறது. தேறியது எளிதில் போவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இந்தக் களத்தில் நிற்பதற்கு முதல் காரணம் இதுவே.

ஸ்கெல்டன் 1957 டிசம்பர் 30 அன்று இங்கிலாந்தின் வாரிக்ஷயர் பகுதியில் பெட்வொர்த் என்னும் ஊரில் பிறந்தார். ஒன்றரை வயதிலேயே ஆக்ஸோ என்ற வேல்ஸ் மட்டக்குதிரையின் மேல் உட்காரவைக்கப்பட்டார் என்பது அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் தவறாமல் சொல்லும் செய்தி. அதைவிட முக்கியமானது, பதின்பருவத்தில் அவர் டெட் எட்கர், லிஸ் எட்கர் தம்பதியரின் லாயத்தில் போய்ச் சேர்ந்ததுதான். இருவருமே புகழ்பெற்ற தடைதாண்டல் வீரர்கள். லிஸ், 1970இல் உலகப் பட்டம் வென்ற டேவிட் புரூமின் தங்கை. டெட் எட்கர் கண்டிப்புக்குப் பெயர்போனவர். அங்கே சவாரிக்கு முன் சாணம் அள்ளுவதும் சேணம் துடைப்பதும் வரும்; ஒரு நாளைக்கு எத்தனையோ குதிரைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஒரே நல்ல குதிரையில் ஏறிப் பழகும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத கல்வி இது. 1975இல், பதினேழு வயதில், ஸ்கெல்டன் ஐரோப்பிய இளையோர் தனிநபர் பட்டத்தை வென்றார்.

எட்கர் லாயத்துக்குப் புரவலராக இருந்தது ஒரு சன்னல் கண்ணாடி நிறுவனம். அதனால் அங்குள்ள குதிரைகள் எல்லாம் ‘எவரெஸ்ட்’ என்ற வணிகப் பெயரை முன்னொட்டாகச் சுமந்துகொண்டு திடலுக்குள் வந்தன. குதிரைக்கு விளம்பரப் பெயர் வைப்பது இன்று விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அக்காலப் பிரிட்டனில் குதிரைத் தடைதாண்டல் தொலைக்காட்சியில் பெரும் கூட்டம் பார்த்த விளையாட்டு, ஹார்வி ஸ்மித், டேவிட் புரூம் முதலியவர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்கள். அந்தக் காலத்தின் மனநிலையை 1978 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் ஸ்கெல்டன் செய்த காரியம் காட்டுகிறது. லாஸ்டிக் என்ற குதிரையில் 2.32 மீட்டர் உயரத்தைத் தாண்டி அவர் பிரிட்டன் சாதனை படைத்தார். சிலியின் ஆல்பெர்த்தோ லர்ராகிபெல், வாசோ என்ற குதிரையில் 1949இல் தாண்டிய 2.47 மீட்டர்தான் இதில் உலகச் சாதனை; அதையும் இன்றுவரை யாரும் உடைக்கவில்லை. உயரத் தாண்டலுக்கென்று அமைக்கப்படும் அந்தச் சரிந்த சுவர் போன்ற தடையும், வழக்கமான போட்டித் தடையும் வெவ்வேறு. ஆயினும் இருபது வயது இளைஞர் ஒருவர், தம் தலைக்கு மேலே நிற்கும் சுவரை நோக்கிக் குதிரையைச் செலுத்தியதில் துணிச்சலோடு கொஞ்சம் முரட்டுத்தனமும் இருந்தது என்று சொல்வதில் தவறில்லை. பின்னாளில் ரியோவில் நாம் பார்க்கும் ஸ்கெல்டன் இந்த இளைஞரிடமிருந்து வெகுதூரம் வந்தவர்.

எண்பதுகள் அவருடைய அறுவடைக் காலம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகளின் குதிரையேற்ற அணிகள் புறக்கணித்தபோது, அதற்கு மாற்றாக ராட்டர்டாமில் நடந்த போட்டியில் பிரிட்டன் அணி வெள்ளி வென்றது. அதில் அவரும் இருந்தார். ஐரோப்பிய அணிப் போட்டிகளில் 1985, 1987, 1989 என்று தொடர்ந்து மூன்று முறை தங்கம். ஜெர்மனியின் ஆஹென் நகரில் நடக்கும் கிராண்ட் பிரி, இந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்கு நிகராக மதிக்கப்படுவது; அதை 1982, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் வென்றார். இங்கிலாந்தின் ஹிக்ஸ்டெட் திடலில் நடக்கும் டெர்பி போட்டியில் 1987 முதல் 1989 வரை மூன்றாண்டுகள் அவரே வெற்றியாளர். அந்த டெர்பி வேறு எங்கும் இல்லாத வகை: பத்தடிக்கும் மேல் உயரமுள்ள செங்குத்தான மண்மேட்டின் உச்சிக்குக் குதிரையை ஏற்றி, மறுபக்கம் சறுக்கி இறக்கி, இறங்கிய வேகம் அடங்குமுன்னே வேலி ஒன்றைத் தாண்டவைக்க வேண்டும். மேட்டின் விளிம்பில் வந்து நின்று கீழே எட்டிப் பார்க்கும் குதிரையை நம்பவைத்து இறக்குவது, வேறெந்தத் தடையும் சொல்லித்தராத பாடம்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு போட்டி நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1986இல் ஆஹெனில் நடந்த உலகப் போட்டியின் இறுதிக் கட்டம் அக்கால விதிப்படி அமைந்தது: முன்னிலை பெற்ற நால்வர் முதலில் தத்தம் குதிரையிலும், பிறகு மற்ற மூவரின் குதிரைகளிலும் ஏறி அதே தடைகளைத் தாண்ட வேண்டும். அறிமுகமில்லாத குதிரையோடு பழகக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. வென்றவர் குதிரையால் வென்றாரா தம்மால் வென்றாரா என்ற பழைய வாதத்துக்கு இதைவிட நேர்மையான பரிசோதனை கிடையாது. கனடாவின் கெயில் கிரீனோ நான்கு குதிரைகளிலும் பிழையே இல்லாமல் தாண்டி, உலகப் பட்டம் வென்ற முதல் பெண் ஆனார். அமெரிக்காவின் கான்ராட் ஹோம்ஃபெல்ட் இரண்டாம் இடம். அப்போலோ என்ற தம் குதிரையோடு வந்த ஸ்கெல்டன் மூன்றாம் இடம். பிரான்ஸின் பியர் துரான் நான்காம் இடம். குதிரைகளுக்குக் கூடுதல் சுமை என்ற காரணத்தால் இந்த முறை 2014க்குப் பிறகு கைவிடப்பட்டது. கைவிட்டது சரியான முடிவுதான். இருந்தாலும், சவாரித் திறனைத் தனியாகப் பிரித்துக் காட்டிய ஒரே மேடை போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1956 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஸ்டாக்ஹோமில் நடந்தபோது, ஜெர்மனியின் ஹான்ஸ் குந்தர் விங்க்ளர் முதல் சுற்றில் தொடையிடுக்குத் தசை கிழிந்து, இரண்டாம் சுற்றில் வலியால் முனகியபடி உட்கார்ந்திருக்க, ஹல்லா என்ற அவருடைய பெட்டைக் குதிரை பிழையில்லாமல் தாண்டி இரண்டு தங்கங்களை வாங்கித் தந்தது. ‘எல்லாம் குதிரையே செய்கிறது’ என்பவர்களுக்கு இதுவே பிடித்த எடுத்துக்காட்டு. ஆனால் ஹல்லாவைப் பலர் அடக்க முடியாதது என்று கைவிட்ட பிறகு, பல ஆண்டுகள் பொறுமையாகப் பழக்கி அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் விங்க்ளர்தான். அந்தச் சுற்றில் குதிரை திரும்பக் கொடுத்தது அவர் போட்டுவைத்த முதலீட்டைத்தான்.

ஸ்கெல்டனின் தொண்ணூறுகள் பெரிய குதிரை இல்லாத பத்தாண்டுகள் என்று சொல்வது முழுக்கப் பொருந்தாது. 1995இல் டாலர் கேர்ள் என்ற குதிரையில் கோத்தன்பர்க்கில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை வென்றார், கிங் ஜார்ஜ் கோப்பையையும் தம் வாழ்நாளில் நான்காம் முறையாக 1999இல் பெற்றார். இருந்தும் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலிருந்து அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

2000 செப்டம்பரில், செஷயரில் நடந்த சாதாரணப் போட்டி ஒன்றில், குதிரை தடையில் இடறி அவர் தலைகுப்புற விழுந்தார். மண்டையோட்டைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பு இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. அந்த எலும்பின் முறிவு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அவர் பிழைத்து நடந்தார், ஆனால் 2001இல், 43 வயதில், ஓய்வு அறிவித்தார். இன்னொரு முறை விழுந்தால் அதுவே கடைசி என்ற எச்சரிக்கை இருந்தது. பிறகு ஜெர்மனியில் ஒரு மருத்துவர் எலும்பு உறுதியாகக் கூடியிருக்கிறது என்று சொன்னதை நம்பி, 2002இல் மறுபடியும் சேணத்தில் ஏறினார்.

எதற்காக ஏறினார் என்பதற்கு அவருடைய பிடிவாதத்தைக் காரணமாகச் சொல்வது எளிது. எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றும் காரணம், லாயத்தில் நின்ற ஆர்கோ என்ற இளம் ஆண்குதிரை. பொறுமையாக வளர்த்த ஒரு குதிரை தன் உச்சத்தை நெருங்கும் வேளையில் வீரர் ஓய்வில் இருப்பது, விதைத்தவர் அறுவடை நாளில் ஊரில் இல்லாததைப் போன்றது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆர்கோவோடு தனிநபர் பதக்கத்துக்கு மிக அருகில் வந்து, கடைசிச் சுற்றில் கழிகள் விழ, அதை இழந்தார். அதன்பின் 2008 பெய்ஜிங்கும் வெறுமையாகப் போனது. 50 வயது, ஐந்து ஒலிம்பிக், ஒரு பதக்கமும் இல்லை. வேறொரு விளையாட்டாக இருந்தால் கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

பிக் ஸ்டார் 2003இல் பிறந்த டச்சு இன ஆண்குதிரை. குயிக் ஸ்டார் என்ற புகழ்பெற்ற தந்தைக்குப் பிறந்தது. கேரி விடோசன், பெவர்லி விடோசன் தம்பதியர் அதன் உரிமையாளர்கள். இங்கே பணத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பெரிய போட்டிக்குரிய குதிரையின் விலை மிகப் பெரிது. பெரும்பாலான வீரர்களால் அதைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. உரிமையாளர் ஒருவர் வாங்கி, வீரரிடம் ஒப்படைத்து, செலவையும் ஏற்று, இடையில் யாராவது பெருந்தொகை தருகிறேன் என்று வந்தாலும் விற்காமல் வைத்திருக்க வேண்டும். உச்சத்துக்கு வரும் தறுவாயில் குதிரை விற்கப்பட்டு, பல ஆண்டுகள் பழக்கிய வீரர் அது வேறொரு நாட்டுக் கொடியின்கீழ் தாண்டுவதைப் பார்வையாளராகப் பார்த்த கதைகள் இந்த விளையாட்டில் ஏராளம். விடோசன் தம்பதியர் விற்கவில்லை. சாம்பியனின் வாழ்க்கைக் குறிப்பில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது நியாயமற்றது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிக் ஸ்டாருக்கு ஒன்பது வயது. அந்த மேடைக்கு அது சின்ன வயது. கிரீனிச் பூங்காவில் நடந்த அணிப் போட்டியில் ஸ்கெல்டன், பென் மாஹர், ஸ்காட் பிராஷ், பீட்டர் சார்ல்ஸ் ஆகிய நால்வரும் நெதர்லாந்தோடு சமநிலையில் வந்து, தீர்வுச் சுற்றில் வென்றார்கள். 1952 ஹெல்சிங்கிக்குப் பிறகு அறுபதாண்டுகள் கழித்துப் பிரிட்டனுக்குக் கிடைத்த அணித் தங்கம் அது; ஸ்கெல்டனுக்கு, 54 வயதில், முதல் ஒலிம்பிக் பதக்கம். தனிநபர் இறுதியில், அதுவரை எதையும் தொடாமல் வந்த பிக் ஸ்டார் ஒரே ஒரு கழியைத் தட்டிவிட, அவர் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். சுவிட்சர்லாந்தின் ஸ்டீவ் கெர்டா தங்கம் வென்றார்.

அடுத்த ஆண்டு, 2013இல், அதே குதிரையோடு ஆஹென் கிராண்ட் பிரியை நான்காம் முறையாக ஸ்கெல்டன் வென்றபோது, பிக் ஸ்டார்தான் உலகின் தலைசிறந்த குதிரை என்பதில் பலருக்கும் ஐயம் இல்லை. அதன்பிறகு காயம் வந்தது. ஏறக்குறைய அறுநூறு கிலோ எடையுள்ள உடல் 1.60 மீட்டருக்கு எழுந்து கீழே வரும்போது முதலில் தரையைத் தொடுவது ஒரு முன்னங்கால். அந்தக் கணம் முழுவதும், குதிரையின் எடையைவிட மிகுதியான விசை அந்த ஒற்றைக் காலின் தசைநார்கள் மேல் இறங்குகிறது. தசைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது ஆறுவதும் மெதுவாகத்தான். ஆறியது போலத் தோன்றும் நிலையில் ஓடவிட்டால் மறுபடியும் கிழியும். இளவயதில் 2.32 மீட்டர் சுவரை நோக்கிக் குதிரையைச் செலுத்திய அதே மனிதர், இப்போது உலகின் தலைசிறந்த குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்தவும், நீரில் நடக்கவைக்கவும், மெல்லோட்டத்துக்கு மேல் விடாமல் வைத்திருக்கவும் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தார். இந்த வேலையின் பெரும்பகுதி, முப்பதாண்டுகளுக்கு மேல் அவருடைய குதிரைகளைப் பராமரித்த மார்க் பீவரின் கையில் இருந்தது. நாள்தோறும் காலையில் குளம்பிலிருந்து முழங்கால்வரை விரலால் தடவிப் பார்த்து, நேற்றைவிடச் சூடு கூடியிருக்கிறதா, வீக்கம் தட்டுப்படுகிறதா என்று அறிவது இத்தகையவர்களின் பணி. அந்த விரல்கள் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், காத்திருக்கும் போட்டி எவ்வளவு பெரியதானாலும் வேண்டாம்தான்.

தவறவிட்ட போட்டிகளின் பட்டியல் நீளமானது. ஆனால் குதிரை ரியோவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே பிரிட்டன் அணி இறுதிச் சுற்றுக்குத் தேறவில்லை. மைக்கேல் விட்டேக்கர், ஜான் விட்டேக்கர், மாஹர், ஸ்கெல்டன் என்று அனுபவசாலிகள் நிறைந்த அணிக்கு அது பெரிய ஏமாற்றம். எனினும் தனிநபர் இறுதிப் போட்டியில் எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவார்கள் என்பது விதி. இரண்டு சுற்றுகளையும் பிழையின்றி முடித்தவர்கள் ஆறு பேர்: ஸ்கெல்டன், ஸ்வீடனின் பெடர் பிரெட்ரிக்சன், கனடாவின் எரிக் லமாஸ், அமெரிக்காவின் கென்ட் பாரிங்டன், ஸ்டீவ் கெர்டா, கத்தாரின் ஷேக் அலி அல் தானி. இவர்களில் லமாஸும் கெர்டாவும் முன்பே தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். தீர்வுச் சுற்றில் முதலில் போக வேண்டியவர் ஸ்கெல்டன்.

முதலில் போவது யாரும் விரும்பாத இடம். பின்னால் வருபவர்களுக்கு எட்ட வேண்டிய இலக்கு தெரியும். முதலில் போகிறவருக்குத் தெரியாது. அளவுக்கு மீறி விரைந்து ஒரு கழியைத் தட்டினால், மற்ற ஐவரில் யாராவது நிதானமாகப் பிழையின்றி முடித்தாலே போதும். பத்திரமாக, மெதுவாக முடித்தால் ஐவரும் கடிகாரத்தை வைத்துத் தோற்கடிப்பார்கள். ஆகவே, பிழையில்லாமலும் வேண்டும். அடுத்து வருபவர் தம் இயல்பை மீறி விரைந்தாலொழிய முந்த முடியாத நேரமாகவும் வேண்டும். இந்தக் குறுகிய பட்டையில் குதிரையைச் செலுத்துவதற்கு, அந்தக் குதிரை எவ்வளவு குறுக்காகத் திரும்பும், எவ்வளவு தொலைவிலிருந்து எழும்பும் என்பதை முழுமையாக அறிந்திருக்க வேண்டும். பிக் ஸ்டாரின் பாய்ச்சல் இயல்பிலேயே நீளமானது. பிற குதிரைகள் விரட்டினால் மட்டும் எட்டும் வேகத்தை அது பதற்றமில்லாமல் எட்டும். ஸ்கெல்டன் விரட்டவில்லை. பிழையின்றி 42.82 விநாடிகளில் முடித்தார்.

பின் வந்தவர்கள் அந்த எண்ணைத் துரத்தினார்கள். லமாஸ் 42.09 விநாடிகளில் முடித்தார். ஸ்கெல்டனைவிட வேகம், ஆனால் ஒரு கழி விழுந்தது. அவருக்கு வெண்கலம். பிரெட்ரிக்சன் பிழையில்லாமல் 43.35 விநாடிகள்; அவருக்கு வெள்ளி. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 0.53 விநாடி. நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகம் என்று கொண்டால், அந்த நேரத்தில் குதிரை கடக்கும் தூரம் சுமார் மூன்றரை மீட்டர். முன்னே சொன்ன கணக்குப்படி, ஒரே ஒரு பாய்ச்சல். நீளமாக ஓடி ஐந்தில் முடிப்பதா, சுருக்கி ஆறில் முடிப்பதா என்ற அந்தப் பழைய கேள்விக்கு எங்கோ ஒரு வளைவில் கிடைத்த விடையின் அளவுதான் அது. பிரிட்டனுக்கு இந்தப் போட்டியில் கிடைத்த முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படி வந்தது. பரிசு மேடையில் அவர் குலுங்கி அழுததை ஒளிப்படங்கள் உலகெங்கும் கொண்டுசென்றன.

அடுத்த ஒலிம்பிக்கின்போது தமக்கு 62 வயதாகும், பிக் ஸ்டாருக்கு 17 ஆகும் என்பது ஸ்கெல்டனுக்குத் தெரியும். புதிய குதிரை ஒன்றைத் தொடக்கத்திலிருந்து உருவாக்க இன்னுமொரு சுற்று ஆண்டுகள் வேண்டும். 2017 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். மே மாதத்தில், விண்ட்சர் அரச குதிரைக் கண்காட்சியில், அவரும் பிக் ஸ்டாரும் ஒரே நாளில் ஒரே திடலில் விடைபெற்றார்கள். குதிரை இனவிருத்திக்குப் போனது. மகன்கள் இருவரும் குதிரைப் பந்தயத்தில் பெயர் பெற்றார்கள்: டான் பயிற்சியாளராக, ஹாரி 2020–21 பருவத்தின் சாம்பியன் ஜாக்கியாக.

ஸ்கெல்டன் அதன்பிறகு திடலின் ஓரத்தில் நின்று, தம் வாழ்க்கைத் துணையான அமெரிக்க வீராங்கனை லாரா கிராட்டுக்குத் துணைநின்றார். 2008 பெய்ஜிங்கில் அணித் தங்கம் வென்றவரான அவர், பலூட்டின் என்ற குதிரையோடு டோக்கியோவில் அணி வெள்ளி வென்றபோது வயது 55. மூன்றாண்டுகள் கழித்து, 2024இல், பாரிஸ் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்தன. அங்கே தங்கம் வென்ற பிரிட்டன் அணியில் லண்டனில் ஸ்கெல்டனோடு நின்ற மாஹரும் பிராஷும் இருந்தார்கள். மூன்றாமவர், அதே லண்டன் அணியின் பீட்டர் சார்ல்ஸின் மகன் ஹாரி சார்ல்ஸ். வெள்ளி வென்ற அமெரிக்க அணியில், அதே பலூட்டினின் மேல், லாரா கிராட் இருந்தார். அவருக்கு அப்போது வயது 58.